தழும்பு வட்டம்

விசில் டீச்சருக்கு வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், சின்னப் பையன் ஒருவனைக் கீழே தள்ளி மிதித்துப் பல்லை உடைத்த ஒரு தடியனின் அப்பாவை வரச்சொன்னாள். அந்த மனிதர் வந்து, "ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான் இருக்கும். இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க?" என்று சிரித்தார். மைதானத்து வாசலிலேயே விட்டாள் ஓர் அறை. வேலை போகாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ தெரியாது. கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவள் நாற்பது வயதை நெருங்கும்போது கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யக் கிளம்பினாள் என்றால் ஆசிரியர்கள் அறை சும்மா இருக்குமா? "புள்ளைங்கள ஓடச் சொல்றதுக்கு எதுக்கு டீச்சர் டாக்டர் பட்டம்?" என்றார் கணக்கு வாத்தியார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "நீங்க மாடிப்படி ஏறுறதப் பாத்தா பக்கத்துல ஒரு டாக்டர் இருக்கறது நல்லதுன்னு தோணுச்சு சார்" என்றாள் இவள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அந்த ஊரின் ஆறாத புண். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழைய ஊர். அந்தப் பக்கம், டயர் கம்பெனி வேலைக்கென்று தொலைவிலிருந்து வந்து தகரக் கூரைகளுக்குக் கீழே குடியேறியவர்கள். அவர்களுடைய பாஷை வேறு. ஊர்க்காரர்கள் அவர்களை அக்கரைக்காரர்கள் என்றார்கள். கோபம் வந்தால் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். கம்பெனி ஆளைக் குறைத்தபோதெல்லாம் வெளியே போனவன் ஊர்க்காரன், உள்ளே இருந்தவன் குறைந்த கூலிக்கு வந்த அக்கரைக்காரன். முதலாளியின் சட்டையைப் பிடிக்கத் துப்பில்லாதவர்கள், பாலத்தில் காத்திருந்து கைக்குக் கிடைத்தவனை அடித்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் நடந்தது. போலீஸ் வரும், யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், போலீஸ் போய்விடும்.

விசில் டீச்சருக்கு அக்கரைப் பாஷை தெரியும். பள்ளிக்கூடத்தைப் பெருக்க வரும் அக்கரை அம்மாவிடம் வாய் கொடுத்து வாய் கொடுத்தே கற்றுக்கொண்டது. ஊர்ப் பாஷையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாலை வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் ரப்பர் புகையில் வெந்துவிட்டு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினார்கள். அதே ஆட்களின் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்த ஒரு மாதத்துக்குள், "இங்க தள்ளுடா!" "ஓடு, ஓடு!" என்று ஊர்ப் பாஷையில் கத்தினார்கள். பெஞ்சில் ஏறாதது பந்தில் எப்படி ஏறுகிறது? இதுதான் அவள் கேள்வி. இரண்டு கரை ஆண்களையும் கலந்து ஒரு கால்பந்து அணியை உண்டாக்கி, அதையே ஆராய்ச்சி ஆக்கிக்கொண்டாள். அவள் பேராசிரியர், "பிரமாதம், ஆனா அடிதடி வராம பாத்துக்கோங்க" என்றார். சொல்வதற்கு அவருக்கு என்ன, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்.

அணியில் முதல் ஆளாகச் சேர்ந்தது அவள் தம்பி. அவளுக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவும்போதெல்லாம் குறுக்கே போய் நின்றவள் இவள். அவள் முதுகில் இன்றைக்கும் பட்டை பட்டையாகத் தழும்பு உண்டு. அவன் உடம்பில் அப்பா கொடுத்த தழும்பு ஒன்றுகூட இல்லை. அதைத்தான் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் என்று அவள் நினைத்தாள். கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை. அவனும் டயர் கம்பெனியில் அச்சு எந்திரத்தில் வேலை பார்த்தான். கோபக்காரன்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்க மாட்டான்.

அக்கரையிலிருந்து வந்தவர்களில் ஒருவன் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். எல்லோரும் நெட்டையன் என்றார்கள். ஆராய்ச்சிக்காக ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, ஏன் இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாய் என்று கேட்டாள். ஒருவன் கடையில் ஏமாறாமல் இருக்க என்றான். ஒருவன் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பெண்ணைச் சொன்னான். நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு, அவன் பாஷையிலேயே, "எங்கண்ணன அடிச்சவன் யாருன்னு கண்டுபிடிக்கணும். கேக்கறதுக்குப் பாஷை வேணும்" என்றான்.

அவனுடைய அண்ணன் அந்த மழைக்காலத்தில், தம்பிக்கென்று கடைவீதியில் ஒரு பந்து வாங்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து சேரவில்லை. காலையில் பாலத்துக்குக் கீழே கிடந்தான். உயிர் இருந்தது. பந்து இல்லை. பேச்சும் போய்விட்டது.

"கத்துக்குடுக்கறேன்" என்றாள் டீச்சர். "கத்துக்கிட்டு யாரை வேணா கேளு. நான் துணைக்கு நிக்கறேன்." கண்டவனுக்கும் வாக்குக் கொடுப்பவள் இல்லை அவள். அன்றைக்குக் கொடுத்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதால் சொந்தத் தம்பியிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் நெட்டையன் வீட்டுக்கும் போனாள். ஒரே அறை. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கத்து நெற்றி உள்ளே அமுங்கியிருந்தது. அண்ணி அவனுக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்து, "சாப்பிட்டாச்சா? நல்ல பிள்ளை" என்று அவர்கள் பாஷையில் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினாள். விசில் டீச்சர் ஒரு மெத்துப் பந்தை எடுத்துப்போய் அவன் பக்கம் உருட்டினாள். பிடித்துக்கொண்டான். திருப்பித் தரச் சொன்னால் தரமாட்டான். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான். வாரா வாரம் போனாள், வாரா வாரம் ஒரு பந்து போயிற்று. "ஏன் டீச்சர், எங்க வீட்டுல பந்துக் கடை வைக்கப் போறீங்களா?" என்று அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மைதானத்தில் டீச்சர் வைத்த சட்டம் இதுதான்: ஊர்க்காரன் அக்கரைப் பாஷையில் பேச வேண்டும், அக்கரைக்காரன் ஊர்ப் பாஷையில் பேச வேண்டும். சொந்தப் பாஷை வாயில் வந்தால் பந்து எதிராளிக்கு. சட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதன் புதுப் பாஷையில் முதலில் எதைக் கற்றுக்கொள்வான்? கெட்ட வார்த்தையைத்தான். அதுவரை எவன் எவனை என்ன திட்டினாலும் காற்றோடு போயிற்று. இப்போது புரிந்தது. முதல் மாதத்தில் ஒருவனுக்கு மூக்குத் தண்டு உடைந்தது. ஒருவன் காது மடல் கிழிந்து தொங்கியது. முட்டிக் காலில் பூட்ஸ் ஆணி இறங்கி எலும்பு தெரிந்தது. டீச்சர் நடுவில் புகுந்து, இரண்டு பேரின் தலைமுடியையும் ஆளுக்கொரு கையில் பிடித்து விலக்கியெடுத்தாள். ஒரு தடவை தம்பியின் முழங்கை அவள் உதட்டிலேயே பட்டு ரத்தம் கொட்டியது. அன்றைக்கு வீட்டில் தம்பி எவ்வளவோ மன்னிப்புக் கேட்டும் அவள் அவனோடு பேசவில்லை.

"இது சண்டைக் கோழிப் பண்ணையா, ஆராய்ச்சியா?" என்றார் பேராசிரியர்.

"அடிச்சுக்கிட்டே கத்துக்கறாங்க சார். இதப் பாருங்க, மாலை வகுப்புல கத்துக்கிட்டதவிட மூணு மடங்கு வார்த்தை" என்றாள் அவள். பெருமை தாங்கவில்லை. உதடு வீங்கியிருந்ததால் சிரிக்கத்தான் முடியவில்லை.

சண்டையைப் பேச்சாக மாற்ற அவள் கண்டுபிடித்ததுதான் தழும்பு வட்டம். விளையாடுகிறவன் உடம்பில் தழும்பு இல்லாமல் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில், பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவன் தன் தழும்பு ஒன்றைக் காட்டி, அது எப்படி வந்தது என்று மற்றவர் பாஷையில் சொல்ல வேண்டும். வார்த்தை தட்டினால் அந்தப் பாஷைக்காரர்கள் எடுத்துக்கொடுக்கலாம். இரண்டு கட்டளைகள்: கதை கட்டக் கூடாது, நடந்ததைச் சொல்ல வேண்டும்; வட்டத்தில் பேசியது வட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

அது பிடித்துக்கொண்டது. தென்னங்கீற்றில் சறுக்கிய கதை, எருமை முட்டிய கதை, மனைவி கரண்டியை வீசிய கதை. கரண்டிக்காரன் கதைக்கு இரண்டு கரையும் விழுந்து விழுந்து சிரித்தது. மைதானத்தில் அடிதடி குறைந்தது. தம்பியும் நெட்டையனும் தோளில் கை போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள். தம்பி பந்தைத் தடுப்பான், நெட்டையன் கோல் அடிப்பான். ஒருவன் கால் இன்னொருவனுக்குத் தெரிந்திருந்தது. தம்பிதான் எல்லோரையும்விட வேகமாகக் கற்றான். வீட்டிலும் அக்காவோடு அக்கரைப் பாஷையிலேயே பேசுவான். ஆட்டம் முடிந்ததும் அவள் அவனிடம் அந்தப் பாஷையில், "எங்கயாவது வலிக்குதாடா?" என்பாள், அவன் அதே பாஷையில் பதில் சொல்வான். பேராசிரியரிடம், "என் முதல் மாணவனே எந்தம்பிதான் சார்" என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாலை, பெரிய ஆட்டம் ஒன்றில் ஜெயித்துவிட்டுக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். தம்பியின் முறை வந்தது. முழங்கால், கணுக்கால், புருவம் எல்லாம் முன்பே ஆகிவிட்டன. "கைய மறைக்கிறியே, அது என்ன? காட்டு, காட்டு" என்று அணியின் தலைவனான வெல்டர் அவன் வலது கையை இழுத்து நீட்டினான். விரல் மொளிகளுக்கு மேலே வளைவாக, வெள்ளையாக, வரிசையாக நாலைந்து குழிகள்.

அந்தக் கைக்கு மருந்து வைத்துக் கட்டியவளே டீச்சர்தான். அச்சு எந்திரம் வெட்டிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னான்.

தம்பி சிரித்துக்கொண்டே அக்கரைப் பாஷையில் ஆரம்பித்தான். எந்திரத்தில் என்று தொடங்கினான். அச்சுக்கு வார்த்தை தெரியவில்லை, வெட்டுகிற தகட்டுக்கு வார்த்தை தெரியவில்லை. தடுமாறினான். "நடந்ததச் சொல்லுடா, கதை கட்டாதே" என்று அக்காவே அதட்டினாள். எல்லோரும் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். ஜெயித்த போதை வேறு. அவன் தோளைக் குலுக்கினான். சொந்தப் பாஷையில் அவன் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாயும் வந்திருக்காது. இரவல் பாஷையில் அது வேறு எவனுக்கோ நடந்த விஷயம் மாதிரி இருந்திருக்க வேண்டும். பொய் சொல்ல வார்த்தை போதவில்லை, உண்மைக்குப் போதுமானது இருந்தது.

"மழை" என்றான். "பாலம். நாங்க நாலு பேரு. ஒருத்தன் வந்தான். அடிச்சோம். நான் வாயில அடிச்சேன். அவன் பல்லு, என் கை." கையைத் தூக்கிக் காட்டினான். யாரோ லேசாகச் சிரித்தார்கள். "இரும்புக் கம்பி எடுத்தோம். தலை. ரத்தம். அவன் பந்து ஒண்ணு வச்சிருந்தான். பந்து ஆத்துல விழுந்துச்சு. மெதந்து போச்சு. நாங்க சிரிச்சோம். ஓடிட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அக்கரைக்காரர்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. டீச்சருக்கு எல்லாம் ஒன்று சேர்ந்தது. வலைப்பை, பந்து, அமுங்கிய நெற்றி, தானே கட்டிவிட்ட அந்தக் கை. ஐயோ பாவி, ஐயோ பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

நெட்டையன் எழுந்தான். தலை கூரையின் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. "பந்து என்ன நிறம்?" என்று கேட்டான். ஊர்ப் பாஷையில், சுத்தமாகக் கேட்டான்.

தம்பி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நெட்டையன் முழங்காலைத் தூக்கி அவன் முகத்தில் விட்டான். மூக்கு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வெல்டர் பாய்ந்து நெட்டையனின் கழுத்தைப் பிடித்தான். அடுத்த நொடி வட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. பெஞ்சு பறந்தது. பூட்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஆணிப் பக்கத்தால் முகத்தில் அறைந்தார்கள். கரண்டிக்காரனை நாலு பேர் கீழே போட்டு மிதித்தார்கள். அன்று மாலை ஒன்றாக ஓடி ஒன்றாகக் கட்டிப்பிடித்த அதே ஆட்கள். ஒருவரையொருவர் திட்டியது ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் புரிந்தது. இது தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த சண்டை இல்லை.

டீச்சர் விசிலை ஊதினாள். மூச்சு முட்ட ஊதினாள். ஒருவனும் நிற்கவில்லை. யாருடைய குதிகாலோ பட்டு விசில் அவள் பல்லில் மோதித் தெறித்தது. நெட்டையன் கொட்டகை மூலையிலிருந்த கோல் கம்பத்துக் குழாய் ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். தம்பி தரையில் மல்லாந்து கிடந்தான், கண்ணெல்லாம் ரத்தம். முதல் அடி அவன் காதுக்கு மேலே இறங்கித் தோலைப் பிளந்தது. இரண்டாவது அடிக்குக் குழாய் உயர்ந்தபோது டீச்சர் அவன் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அப்பாவின் பெல்ட்டுக்கு முதுகைக் கொடுத்த அதே பழக்கம். யோசித்துச் செய்தது இல்லை.

"நகருங்க டீச்சர்."

"மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியும். மொத நாளே சொன்னேன். நீங்க துணைக்கு நிக்கறேன்னு சொன்னீங்க."

"நிக்கறேன்."

"தம்பிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எனக்கு எப்படித் துணை நிப்பீங்க?" குழாயை இறக்காமல் கத்தினான். "நகருங்க!"

"இவனக் கொன்னுட்டா உங்கண்ணனுக்கும் அண்ணிக்கும் யாருடா சோறு போடுவா? போலீஸ் கிட்ட நானே சொல்றேன். இவன் சொன்னத நானே என் வாயால சொல்றேன்."

"தம்பிக்கு எதிரா எந்த அக்கா சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்."

நெட்டையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குழாயைச் சுவரில் வீசினான். தகரம் கிழிந்து குழாய் பாதி வெளியே போய் நின்றது. பின்னாலிருந்து வெல்டர் பெஞ்சுக் காலால் அவன் முதுகில் போட்டதும் அப்படியே குப்புற விழுந்தான். போலீஸ் வந்து கைவிலங்கு மாட்டியது அவனுக்குத்தான். அடி வாங்கியவன் ஊர்க்காரன், அடித்தவன் அக்கரைக்காரன். அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் தலையில் தையல் போட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அவன் நெட்டையனோட அண்ணன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"வேற எவனோ ஒருத்தன்னா பரவாயில்லையாடா?"

அவன் அழுதான். அவள் அவனை அறைந்தாள். தலையில் தையல் போட்டவனை, கட்டிலில் கிடப்பவனை, கன்னத்தில் பளார் என்று. வாழ்க்கையில் முதல் தடவை அவன் மேல் கை வைத்தாள். நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே தள்ளினாள். நடைபாதையில் சுவரில் சாய்ந்து, அறைந்த கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு விம்மினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் புகட்டினாள்.

"வட்டத்துல பேசினது வட்டத்தோட போயிரணும்னு நீதானேக்கா சொன்னே" என்றான் அவன்.

பேராசிரியரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நாகரிகமாக. ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்கள் நம்பிச் சொன்னதை ஆராய்ச்சியாளர் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பட்டம் போகும், அவர் பெயரும் கெடும். "நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கறதுதாம்மா முறை" என்றார். எவ்வளவு வசதியான முறை! தம்பியும் பிழைப்பான், பட்டமும் வரும், மனசாட்சிக்கும் ஒரு போர்வை. அவளுக்கு அந்தப் போர்வை வேண்டும்போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் அதைப் போர்த்திக்கொண்டு பார்த்தாள்.

அதற்குள் கம்பெனியில் இருந்த ஊர்ப் பையன்கள் பாலத்தைத் தாண்டிப் போய் அக்கரைத் தெருவில் கதவுகளை உடைத்தார்கள். ஒரு தகர வீட்டுக்குத் தீ வைத்தார்கள். நெட்டையனின் அண்ணி புகைக்குள்ளிருந்து புருஷனைத் தோளில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாளாம். அவன் அந்த நேரத்திலும் பந்துகளைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அடம்பிடித்தானாம். பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மா இதைச் சொல்லிவிட்டு, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே டீச்சர் எதிரில் நின்றாள். டீச்சர் அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஸ்டேஷன் வாசல் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் அண்ணன், மடியில் ஒரு பந்து, கரி படிந்தது. உள்ளே தம்பியை விசாரணைக்கு வரவழைத்திருந்தார்கள். தலைக்கட்டோடு, முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து பெஞ்சில் இருந்தான். கம்பிக்குப் பின்னால் நெட்டையன், ஒரு கண் மூடும்படி முகம் வீங்கி நின்றுகொண்டிருந்தான். போலீஸ் உபயமாகத்தான் இருக்க வேண்டும். கொட்டகையில் அவனுக்கு அடி விழுந்தது முதுகில்.

இன்ஸ்பெக்டர் அவளுக்கு நாற்காலி காட்டினார். "வாங்க டீச்சர். இந்த ஆளு, உங்க தம்பிதான் அவங்கண்ணன அடிச்சதா ஒத்துக்கிட்டாருன்னு சொல்றான். அதுவும் அவனுங்க பாஷையில சொன்னாராம். உங்க தம்பி, எனக்கு அந்தப் பாஷையே தெரியாதுங்கறாரு. அவனுங்க சொல்லிக்குடுத்தத அர்த்தம் புரியாம ஒப்பிச்சாராம். டீம்ல இருக்கற நம்ம ஆளுங்க அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்க. நீங்கதான் இதுல ஆராய்ச்சி பண்றவங்க. சொல்லுங்க, இவருக்கு அந்தப் பாஷை தெரியுமா, தெரியாதா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. காதோரம் கட்டுத்துணியில் புதிதாக ஒரு சிவப்புத் திட்டு ஊறியிருந்தது. தையல் விட்டுப்போச்சோ என்று அவளுக்குப் பதறியது. ராத்திரி தூங்கியிருப்பானோ மாட்டானோ. அந்தக் கணத்தில் அவளுக்குச் சாட்சியும் நினைவில்லை, பட்டமும் நினைவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதியில் அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

ஆட்டம் முடிந்து கேட்கிற அதே குரலில், அக்கரைப் பாஷையில், மெதுவாகக் கேட்டாள்: "தலை இன்னும் வலிக்குதாடா?"

தம்பி குனிந்த தலை நிமிராமல், அதே பாஷையில், ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னான்: "ராத்திரி பூரா வலிச்சுதுக்கா. இப்பப் பரவால்ல. நீ சாப்பிட்டியா?"

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். கம்பிக்குப் பின்னால் நெட்டையனுக்குப் புரிந்தது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தம்பி மெல்ல நிமிர்ந்தான். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அக்கா" என்றான், இப்போது சொந்தப் பாஷையில்.

"இல்லடா" என்றாள் அவள், அவளும் சொந்தப் பாஷையில். "இன்னும் சாப்பிடல." அத்தனை போலீஸ்காரர்கள் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.